மின்தரக் கோளாறா, மின்தரக் குலைவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மின்வழங்கலில் அலைவடிவம் மாறுவதை இயந்திரக் கற்றலால் இனங்காணும் பணிக்கு (power quality disturbance classification) ‘மின்தரக் கோளாறு வகைப்பாடு’ என்று பெயரிடலாம் என நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ‘கோளாறு’ எல்லோருக்கும் புரியும் சொல்தான். ஆயினும் இவ்விடத்தில் அதை ஏற்கத் தயங்குகிறேன். கம்பி அறுவதையும் கேபிளின் காப்பு முறிவதையும் மின்துறையினர் ஏற்கெனவே கோளாறு என்றோ பழுது என்றோதான் சொல்லி வருகிறார்கள். நாம் வகைப்படுத்துவது அந்தக் காரணத்தை அன்று, அதனால் அலைவடிவம் குலையும் விதத்தை.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு துணைமின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மழைநாளில் அங்கிருந்து புறப்படும் 11 கிலோவோல்ட் ஃபீடர் (மின்சாரத்தைச் சுற்றுவட்டாரத்துக்குக் கொண்டுசெல்லும் தடம்) ஒன்றில் கேபிள் பழுதானால், பிரேக்கர் (பழுதான தடத்தைத் தானே துண்டிக்கும் கருவி) திறந்ததும் அந்த ஃபீடரிலுள்ள பட்டறைகளுக்கு மின்சாரம் அறவே நின்றுவிடும். பக்கத்து ஃபீடரில் இருப்பவர்களுக்கோ, பிரேக்கர் திறக்கும்வரை மட்டும் மின்னழுத்தம் இறங்கி உடனே மீளும். விளக்கு ஒருமுறை மங்கும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் பாதி வேலையில் நின்றுபோகும். கோளாறு ஒன்று, குலைவு இரண்டு. பயிற்சித் தரவுக்கு வகுப்புப்பெயர் இடுபவர் இரண்டிலும் ‘கேபிள் கோளாறு’ என்று குறித்துவிட்டால், வடிவில் ஒவ்வாத இரு அலைகள் ஒரே வகுப்பில் விழுந்து, அலையை மட்டுமே பார்த்துக் கற்கும் நிரல் தடுமாறும். எனவே ‘மின்தரக் குலைவு’ என்பதே என் பரிந்துரை.

உள்வகைகளில் ‘மின்னழுத்தத் தொய்வு’ (voltage sag) என்பதை வரவேற்கிறேன். ஐஇஇஇ என்னும் பன்னாட்டு மின்பொறியாளர் அமைப்பின் 1159 தரநிலைப்படி, மின்னழுத்தம் இயல்பளவின் 10 முதல் 90 விழுக்காட்டுக்கு இறங்கி, அரைச் சுழற்சி முதல் ஒரு நிமிடம்வரை நீடிப்பதே தொய்வு. நம் 50 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி 10 மில்லிநொடி. ஒரு நிமிடத்தையும் தாண்டினால் அது ‘குறைமின்னழுத்தம்’, அதாவது கோடையில் நாம் ‘லோ வோல்டேஜ்’ என்று அலுத்துக்கொள்வது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் கால அளவு என்னும் முக்கியமான அடையாளம் பெயரிலேயே தொலைந்துவிடும்.

இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். ‘20 விழுக்காடு தொய்வு’ என்றால் இழந்தது 20 விழுக்காடா, எஞ்சியது 20 விழுக்காடா? 230 வோல்ட்டில் முன்னது 184 வோல்ட், பின்னது வெறும் 46. இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலும் உண்டு; நமக்கோ வேற்றுமை உருபு கைகொடுக்கிறது. ‘20 விழுக்காட்டுக்குத் தொய்வு’ என்று எழுதி, எஞ்சிய அளவையே எங்கும் குறிப்போம். தொய்வும் ஹார்மோனிக்ஸும் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வந்து கலக்கும் அலைகள்) சேர்ந்து வரும் கலப்பு வகுப்புக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இரு பெயர்களையும் இணைத்து எழுதினால் போதும்.