புதுப்பிப்பு: ஓக் மரக் களஞ்சியத்தில் ஒரு திருமணம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள பழைய தானியக் களஞ்சியம் ஒன்றில் அண்ணன் மகளின் திருமணத்தை நடத்தலாமா, உள்ளே ஓமம் வளர்க்க விடுவார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். ஓமத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. திருமணம் நல்லபடியாக நடந்தேறியது.

13ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர் துறவு வீரர்களின் பண்ணையில் எழுந்த கிரெசிங் டெம்பிள் களஞ்சியங்களைப் போலவே இதுவும் தூண் முதல் உத்தரம் வரை ஓக் மரம் என்பதால், களஞ்சியத்தார் ஓமத்தீயை மறுத்தது நியாயமே. எனவே முற்றத்தில் பந்தலிட்டு ஓமமும் தாலிகட்டும், உள்ளே பதிவாளர் முன்னிலையில் சட்டப்படியான பதிவும் விருந்தும் என்று பிரித்துக்கொண்டோம். 1994ஆம் ஆண்டுச் சட்டம்தான் இத்தகைய அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் பதிவுத் திருமணத்துக்கு வழிவிட்டது. ஆனால் அந்தச் சடங்கில் சமயச் சாயல் இருக்கக் கூடாது என்பதால், பதிவு முடியும்வரை நாதசுரக்காரர் வாசிக்காமல் காத்திருக்க நேர்ந்தது. (அவருக்கு அது பிடிக்கவில்லை.)

பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஆணி அடிக்கவோ தூணில் கயிறு கட்டவோ விடவில்லை; வாழைமரங்களை மணல் நிரப்பிய வாளிகளில் நிறுத்தினோம். எந்த மரம் எதோடு சேரும் என்று குறிக்கத் தச்சர்கள் அன்று இணைப்புகளில் கீறிய ரோமன் எண்கள் இன்னும் தெளிவாகத் தெரிவதைப் பார்த்தபோது, அந்தக் கெடுபிடி எனக்கு உறுத்தவில்லை.

குளிர்தான் உண்மையான தொல்லை. பலகைச் சுவர்களின் இடுக்குகளில் காற்று புகுந்ததால் பட்டுப்புடவைகளுக்கு மேல் சால்வை தேவைப்பட்டது. அக்டோபருக்குப் பிறகு தேதி குறிப்பவர்கள் வாடகை ஹீட்டர் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.