ஆரம்பாக்கம் ஆயா வீடு: ஞாயிறு படகு எத்தனை மணிக்கு?

செல்வி அத்தை: ஞாயிறு காலை எட்டரைக்குள் அம்மா அஸ்தியைக் கரைத்துவிட வேண்டும் என்கிறார் ஐயர். எல்லாரும் ஆறரைக்கே பொன்னேரி வந்துவிடுங்கள். அங்கிருந்து சேர்ந்து பழவேற்காடு.

குமார் தடா: அத்தை, எட்டுக்குப் படகு எடுக்க முடியாதாம். ஏரியில் தண்ணீர் பத்தாது, தரை தட்டும். பதினொன்றுக்குத்தான் என்கிறார் படகுக்காரர்.

செல்வி அத்தை: அன்றைக்கு அமாவாசை. கடல் நன்றாக ஏறுமே?

குமார் தடா: கடலில் ஒன்பதுக்கு ஏறும். படகுத்துறைக்கு அந்தத் தண்ணீர் வர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

மணி பெரியப்பா: படகுக்கு யார் பணம்?

ரகு சித்தப்பா: படகுக்காரர் சொல்வது சரி. முகத்துவாரம் மணல் மேடிட்டுக் குறுகிக் கிடக்கிறது. அந்த வாய் வழியாகத்தான் தண்ணீர் ஏரிக்குள் நுழைய வேண்டும். எவ்வளவு தாமதமாக ஏறுகிறது என்பதை வைத்தே வாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள், போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் நிலவிலும் இதே கணக்குத்தான். சனியின் இழுப்பில் அதன் தரையே 10 மீட்டர் எழுந்து தாழ்கிறது. முழுக்கப் பாறையாக இருந்தால் 1 மீட்டர்தான் எழும். காசினி விண்கலம் பக்கத்தில் பறந்தபோது அதன் ரேடியோ அலையில் வந்த நுண்ணிய மாற்றத்திலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள். மேலே பனி ஓடு, அடியில் கடல் என்று 2012இல் சொன்னார்கள்.

லதா: சித்தப்பா, எத்தனை மணிக்குக் கிளம்புவது?

திவ்யா: துளை போடாமல் எப்படித் தெரியும்?

ரகு சித்தப்பா: நல்ல கேள்விம்மா. ஆயா நுங்கு எடுப்பதைப் பார்த்திருக்கிறாய். கட்டைவிரலால் ஒரு அமுக்கு. அமுங்கினால் உள்ளே தண்ணீர், பிள்ளைகளுக்கு. அமுங்காவிட்டால் கடுக்காய், மாட்டுக்கு. ஒரு நாளும் தவறியதில்லை. கோளின் இழுப்புத்தான் அந்தக் கட்டைவிரல். எவ்வளவு அமுங்குகிறது என்பதை ஒரு எண்ணாகச் சொல்வார்கள். லவ் எண் என்று பெயர். நம் நிலவுக்கு 0.024. டைட்டனுக்கு 0.6 பக்கம்.

குமார் தடா: லவ் எண்ணா? லதா அக்கா, உங்களைத்தான் கூப்பிடுகிறார்.

ரகு சித்தப்பா: அகஸ்டஸ் லவ் என்கிற ஆங்கிலேயக் கணித அறிஞரின் பெயரடா அது.

லதா: ஆறு வருடம் ஆயா என்னோடு பேசவில்லை. அதில் விளையாடாதே குமார்.

செல்வி அத்தை: பேசவில்லைதான். ஆனால் வெயில் காலம் முழுக்க, சூளூர்ப்பேட்டைக்கு யார் போனாலும் கையில் நுங்குப் பை கொடுத்து அனுப்பினாள். யார் கொடுத்தது என்று சொல்லக்கூடாது என்பாள்.

லதா: அது அம்மாவா? நீங்கள் அனுப்பியது என்று நினைத்திருந்தேன் அத்தை.

லதா: ஆயா என்று சொல்ல வந்தேன்.

மணி பெரியப்பா: படகு?

குமார் தடா: போக வர மூவாயிரம் கேட்கிறார் பெரியப்பா. வரும்போது இறால் வாங்கிக்கொள்ளலாமா?

செல்வி அத்தை: அஸ்தி கரைக்கிற நாளில் இறாலா!

ரகு சித்தப்பா: திவ்யா, ஒன்று விட்டுப்போனது. எவ்வளவு வீங்குகிறது என்பது பாதிச் சேதிதான். எப்போது வீங்குகிறது என்பதும் வேண்டும். 2025 டிசம்பரில் அதே காசினி தரவை மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள். சனியின் இழுப்பு உச்சத்துக்கு வந்து சுமார் 15 மணி நேரம் கழித்துத்தான் டைட்டன் வீங்குகிறதாம். அடியில் தண்ணீர்க் கடல் இருந்தால் இத்தனை தாமதம் வராது. பனியும் தண்ணீரும் கூழாகக் கலந்து கிடக்கிறது என்கிறார்கள் இப்போது. படகுத்துறைக்கு ஏன் பதினொன்று என்று செல்வி அக்காவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திவ்யா: நம் நிலவும் வீங்குமா தாத்தா?

ரகு சித்தப்பா: 10 சென்டிமீட்டர் அளவுக்கு. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் இன்றும் லேசர் அடித்துப் பார்க்கிறார்கள். மையத்துக்குப் பக்கத்தில் பாதி உருகி இளகிய அடுக்கு இருக்கலாம் என்று அந்த அளவுகள் காட்டுகின்றன. சந்திரயான் 3 கிளம்பியதை மாடியிலிருந்து பார்த்தோமே, 2023 ஜூலை 14, மதியம் 2:35? அதிலும் அப்படி ஒரு சின்னக் கண்ணாடி போயிற்று. அந்த வெயிலில் ஆயா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, புகை கலையும் வரை இறங்கவில்லை.

செல்வி அத்தை: ஆமாம். கையெடுத்துக் கும்பிட்டாள்.

லதா: என் வீட்டுக்காரரும் படகில் வரலாமா?

செல்வி அத்தை: வரட்டும். இதைக் கேட்க வேண்டுமா?

மணி பெரியப்பா: படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று முதலில் கேளுங்கள்.

செல்வி அத்தை: ஐயரிடம் பேசிவிட்டேன். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் கரைத்துவிட்டால் சரி என்கிறார். பத்தரைக்கு ஏற முடியுமா?

குமார் தடா: அரை மணி முன்னால் என்றால் கொஞ்சம் தள்ள வேண்டியிருக்குமாம். சனிக்கிழமை துறையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ரகு சித்தப்பா: நான் சனிக்கிழமையே போய்விடுகிறேன். திவ்யா வருகிறாயா?

மணி பெரியப்பா: மூவாயிரம் அதிகம்.