எங்க ஆச்சிக்கு கே.பி.சுந்தராம்பாள் சொந்தக்காரி

நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி.சுந்தராம்பாளை நேரில் பார்த்தவர்கள் எழுதினால் ஆசையாகப் படிப்பேன். நான் பார்த்ததில்லை. ஆனால் தென்காசிப் பக்கம் இலஞ்சியில் எங்கள் ஆச்சி வீட்டில் அவர் பேச்சு இல்லாமல் ஒரு வாரம்கூடப் போகாது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பக்கத்தில் அவருக்குப் பேரே 'கிட்டப்பா சம்சாரம்'தான். நாடக மேடையில் பாடி நடித்த எஸ்.ஜி.கிட்டப்பாவுக்குச் செங்கோட்டை, இலஞ்சிக்குப் பக்கத்து ஊர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956இல்தான் நம் பக்கம் சேர்ந்தது. கொடுமுடியில் பிறந்து, சின்ன வயதிலேயே நாடகத்துக்கு வந்த அந்த அம்மா இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில்தான் கிட்டப்பாவோடு சேர்ந்தார். இரண்டு பேரும் மேடையில் போட்டி போட்டுப் பாடினால் விடிகிற வரைக்கும் கூட்டம் கலையாதாம், கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர்தான் ஆர்மோனியம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார், 27 வயது. அந்த அம்மாவுக்கு 25. அன்றைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவே இல்லை.

அப்புறம்தான் சினிமா. இன்னொரு ஆணுக்கு ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று இருந்தவரை ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பேசி 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க வைத்தார்கள். அதுவும் நந்தனாராகவே, ஆண் வேடத்தில். தமிழ்ப் படம் பேச ஆரம்பித்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, ஒரு லட்சம் என்பது யாரும் கேள்விப்படாத தொகை. அந்த ஒரு லட்சத்தைச் சொல்லும்போது ஆச்சி விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள், பாதியில் நிறுத்திவிட்டு "எவ்வளவு சைபர்ல அது?" என்பாள்.

ஆச்சி அவரைப் பார்த்தது 1953இல், ஜெமினியின் 'ஔவையார்' படத்தில்தான். தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆச்சிக்கு 26 வயது, கையில் ஆறு வயதுப் பிள்ளையாக எங்கள் அம்மா. அந்த ஒரு வருஷமும் அவள் வாசல்படி தாண்டவில்லை. யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் இவள் அடுக்களைக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும், தெருவில் எதிரே வந்துவிடக் கூடாது. சாமி படம் என்பதால்தான் மாமியாரே வண்டி கட்டி டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மணல் தரையில் முந்தானையை விரித்து அம்மாவைப் படுக்கப் போட்டிருந்தாளாம். திரையில் வெள்ளைச் சேலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக அந்த அம்மா வந்து நின்று குரலெடுத்ததும், முன்னால் இருந்த ஆம்பிளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்களாம்.

"வெள்ளச்சேலதான் கெட்டியிருந்தா. அத்தன பேரும் கும்பிட்டாவ." இதை ஆச்சி எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. பாட்டைப் பற்றியோ கதையைப் பற்றியோ கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டாள், இதை மட்டும் அப்படியே சொல்வாள். மறு வாரமே குமாரசாமி கோயிலுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாளாம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வந்த 'பூம்புகார்', 'திருவிளையாடல்' எல்லாம் பார்த்தாள். சட்ட மேலவையில் அந்த அம்மா உறுப்பினராக இருந்ததும், 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியதும், 1970இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் ஆச்சிக்குத் தன் வீட்டு விசேஷம் மாதிரி. என்னைக் கேட்டால், கிட்டப்பா சம்சாரம் என்ற பேருக்குள் அவரை அடக்கிவைத்தது எங்கள் ஊர் செய்த தப்பு. கிட்டப்பாவோடு வாழ்ந்தது சில வருஷம்தான். அவர் போன பிறகு தனியாக நின்றது 47 வருஷம்.

1980இல் அவர் இறந்த சேதி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ரேடியோவில் சொன்னதும் ஆச்சி அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு சிற்றாற்றுக்கு நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். மூன்று முங்கு முங்கி எழுந்து, ஈரச்சேலையோடு படித்துறையில் உட்கார்ந்தாள்.

"யாரு செத்துட்டா ஆச்சி?"

"நம்ம வீட்டுல ஒருத்தி" என்றாள்.