ஏஐ டூல் போட்ட மெடிக்கல் கோட்களை மாற்றினால் ஸ்கோர் குறைகிறது. டீம் லீடராக (டிஎல்) நான் என்ன செய்வது?

காவிரிக்கரை:
திருச்சியில் மெடிக்கல் கோடிங் டிஎல்லாக இருக்கிறேன். பிஎஸ்சி விலங்கியல் முடித்துவிட்டு கோடராகச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது டீமில் 16 பேர். அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை (மருத்துவப் பதிவை) படித்து ஐசிடி-10 கோட், அதாவது அந்தந்த நோய்க்கான குறியீடு, போடுவது எங்கள் வேலை. மெடிக்கேர் அட்வான்டேஜ் பிளான்களுக்கான (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டைத் தனியார் நடத்துவது) எச்சிசி. நோயாளிக்கு என்னென்ன நோய் என்பதை வைத்துத்தான் அரசு பிளானுக்குப் பணம் தரும். போன வருடம் ஏஐ டூல் வந்தது. சார்ட்டை அதுவே படித்துக் கோட் போட்டு வைத்துவிடும். கோடர் சரிபார்த்து அக்செப்ட் கொடுக்க வேண்டும், தப்பென்றால் மாற்ற வேண்டும். டார்கெட் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

டீமில் மூன்று வருட அனுபவமுள்ள ஒரு பெண். டூல் போட்டதை அடிக்கடி மாற்றுகிறாள். டாஷ்போர்டில் 'ஏற்பு விகிதம்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் அவளுக்கு மட்டும் சிவப்பு. மேனேஜர் பிஐபி (கெடு வைத்து முன்னேற்றம் காட்டச் சொல்லும் நடவடிக்கை) போடச் சொல்கிறார். நானும் யோசிக்காமல் திங்கட்கிழமை ஹடிலில் (டீம் கூடிப் பேசும் சின்ன மீட்டிங்) எல்லார் முன்னாலும், "டூலோட சண்டை போடாதம்மா, சார்ட்டை நகர்த்து" என்று சொல்லிவிட்டேன். அவள் வாயே திறக்கவில்லை.

மனசு கேட்காமல் சனிக்கிழமை உட்கார்ந்து, அவள் மாற்றிய 40 சார்ட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். 31-இல் அவள் செய்ததே சரி. 6 தப்பு. மிச்சம் 3 எப்படி வேண்டுமானாலும் வாதாடலாம். அந்த 31-இல் பாதிக்கு மேல் ஒரே கதை. டாக்டர் பழைய வரலாற்றில் '2018-இல் ஸ்ட்ரோக்' என்று எழுதியிருப்பார். டூல் அதை இன்றைக்கு வந்த ஸ்ட்ரோக்காக எடுத்துக்கொண்டு ஐ63.9 போட்டிருக்கும். கிளினிக்குக்குத் தானே நடந்து வந்து பிரஷர் மாத்திரை வாங்கிப் போகிறவருக்கு அக்யூட் ஸ்ட்ரோக்காம்! பின்விளைவு எதுவும் இல்லையென்றால் இசட்86.73, கை கால் பலவீனம் இருந்தால் ஐ69. ஃப்ரெஷருக்கு முதல் மாதமே சொல்லித்தருகிற பாடம் இது.

அப்புறம் முதலிடத்தில் இருக்கும் பையனின் லாகைப் பார்த்தேன். 60 பக்க சார்ட், 25 வினாடியில் அக்செப்ட்.

இன்னொன்றும் உறுத்துகிறது. முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது யாராவது என் சீட்டுக்கு வந்து, "அக்கா, ஒரு சார்ட் பாக்கணும்" என்று நிற்பார்கள். சாப்பிடக்கூட விடமாட்டார்கள், எரிச்சலாக வரும். இப்போது ஒருவரும் வருவதில்லை. கடைசியாக யார் வந்தார்கள் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. மேனேஜரிடம் இதை எப்படிப் பேசுவது?

பழைய ஆடிட்டர்:
அந்தப் பெண்ணின் நியாயத்தைக் கொண்டுபோய் மேனேஜரிடம் வைக்காதீர்கள், எடுபடாது. ஆடிட்டைப் பேசுங்கள். அமெரிக்க சுகாதாரத் துறையின் கண்காணிப்பு அலுவலகமான ஓஐஜி, மெடிக்கேர் அட்வான்டேஜில் தேடித் தேடிப் பிடிக்கும் கோட்களில் அக்யூட் ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக், மார்பகப் புற்றுநோய் எல்லாம் உண்டு. எப்போதோ வந்து முடிந்துபோன நோயை நடப்பு நோயாகப் போட்டு, பிளானுக்குக் கூடுதல் பணம் போய்விடுகிறது. 2023 டிசம்பரில் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். தெரிந்தும் விட்டால் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட் (அரசிடம் பொய்யாகப் பணம் கோருவதற்கு எதிரான சட்டம்), மூன்று மடங்கு நஷ்டஈடு. மேனேஜர் மேலே அனுப்பும் மெயிலில் இந்த ஒரு வரி இருந்தால் போதும்.

அப்புறம், டூல் தப்பு செய்ததென்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த 20 சார்ட்டை, சொல்லாமல், எல்லாருடைய க்யூவிலும் கலந்துவிடுங்கள். யார் எத்தனை பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். 25 வினாடித் தம்பியின் நிலவரம் அன்றைக்கே தெரிந்துவிடும். நாங்கள் செய்தோம். முதல் வாரம் ஆபீஸில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் உருகுவதற்கு முன்னால் ஒன்று. 40-இல் 6 தப்பென்றால் 15 சதவீதம். 95 சதவீதத் துல்லியம் கேட்கிற தொழிலில் இது சின்னத் தப்பா? டூல் சரியாகப் போட்டதை அவள் கெடுத்திருக்கிறாள். உங்களுக்குப் பிடித்த பெண் என்பதால் சலுகை காட்டுகிறீர்களோ?

காவிரிக்கரை:
நியாயமான கேள்வி. அந்த 6-ஐ மறுபடி பார்த்தேன், 4 ஒரே தப்பு. நோயாளிக்கு சர்க்கரையும் இருக்கிறது, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறும் இருக்கிறது. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று டாக்டர் எழுதவில்லை. அதனால் இ11.22-ஐ (சர்க்கரையோடு தொடர்புள்ள சிறுநீரகக் கோளாறு) நீக்கிவிட்டு இ11.9 (சிக்கல் இல்லாத சர்க்கரை) போட்டிருக்கிறாள். கோடிங் வழிகாட்டியின் 'வித்' (with) விதிப்படி, டாக்டர் மறுத்து எழுதாதவரை தொடர்பு உண்டென்றே எடுக்க வேண்டும். டூல் செய்ததுதான் சரி. ஆனால் இதை அவளுக்கு யார் சொன்னோம்? சிவப்புக் கட்டத்தைக் காட்டினோம், விதியைக் காட்டவில்லை. பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம். அது என் தப்பு. 40-உம் அவள் மாற்றியவை மட்டுமே, அவள் போட்ட மொத்த சார்ட் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இல்ஃபோர்ட்வாசி:
நான் கோடர் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறேன். போஸ்ட் ஆபீஸ் ஹொரைசன் வழக்கு தெரிந்திருக்கும். ஃபுஜிட்சுவின் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் திருடிவிட்டார்கள் என்று 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. மென்பொருளில் கோளாறு இருந்தது என்று நீதிமன்றம் சொல்ல 2019 ஆனது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024-இல்தான் வந்தது. இத்தனை வருடம் எப்படி ஓடியது? உதவி கேட்டு போன் செய்தவர்களில் பலரிடம், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று சொல்லியிருக்கிறார்கள். நம்மைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் டாஷ்போர்டிலும் அவள் ஒருத்தி மட்டும் சிவப்பு. 16 பேரும் மாற்றியதை ஒரே தாளில் போட்டுப் பாருங்கள்.

கோடர் மட்டும்:
அக்கா, நான் சென்னையில் வேறு கம்பெனி. 25 வினாடிப் பையன் சார்பாக ஒரு வார்த்தை. அவன் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாற்றினால் காரணம் டைப் செய்ய வேண்டும், கியூஏ (தரம் பார்க்கிறவர்கள்) தப்பென்று அடித்தால் ரீபட்டல் (மறுப்பு) எழுத வேண்டும், அந்த நேரமெல்லாம் டார்கெட்டில் கணக்குக்கு வராது. அக்செப்ட் கொடுத்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் டிஎல் ஒரு நாள், தான் அக்செப்ட் கொடுத்துக் கோட்டைவிட்ட சார்ட்டைத் தானே திரையில் போட்டுக் காட்டினார். மாற்றுகிற சார்ட்டுக்கு எட்டு நிமிடம் டார்கெட்டில் கழித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார். அதற்கப்புறம்தான் நாங்கள் வாயைத் திறந்தோம்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. 16 பேருடையதையும் ஒரே ஷீட்டில் போட்டேன். ஸ்ட்ரோக் சார்ட்டை இன்னும் ஐந்து பேர் மாற்றியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று இரண்டு. அதனால் யாருக்கும் சிவப்பு வரவில்லை. ஷீட்டோடு ஓஐஜி விஷயத்தையும் சேர்த்து மேனேஜருக்கு அனுப்பினேன். பிஐபியை மாதக் கடைசி வரை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். டார்கெட்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஹடிலில் அவளிடம் எல்லார் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். அவ்வளவுதான். நம்பினாளா என்று தெரியவில்லை. வேறு இடத்தில் இன்டர்வியூ போய் வந்ததாகவும் காதில் விழுந்தது.

எட்டு நிமிடக் கழிவை உங்கள் டிஎல் என்ன காரணம் காட்டி வாங்கினார் தம்பி? நாளைக்கு மீட்டிங், முடிந்தால் இன்றைக்கே எழுதுங்கள்.