√18 + √8 ஏன் √26 ஆகாது? மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
வணக்கம். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். முறுடுகள் (√2 போல முழு எண்ணாக வராத மூலங்கள்) பாடத்தில் √18 + √8 = √26 என்று எழுதி மார்க் போய்விட்டது. "√18 × √8 = √144 = 12 சரிதானே? பெருக்கும்போது உள்ளே சேர்க்கலாம்னா, கூட்டும்போது ஏன் கூடாது?" என்று கேட்கிறாள். விடை 5√2 என்று எனக்குத் தெரியும். ஆனால் "விதி அப்படி" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, 8-க்கு அடுக்கு 2/3 என்றால் 8-ஐ 2/3-ஆல் பெருக்கி 16/3 என்கிறாள். வெள்ளிக்கிழமை டெஸ்ட். யாராவது வழி சொல்லுங்கள்.

பாலிடெக்னிக் மாணவன்:
அக்கா, 18 = 9 × 2, அதனால் √18 = 3√2. 8 = 4 × 2, அதனால் √8 = 2√2. கூட்டினால் 5√2. கால்குலேட்டரில் போட்டே காட்டுங்கள். 4.24 + 2.83 = 7.07 வரும். √26 வெறும் 5.10 தான்.

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
நன்றி தம்பி. தப்பு என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் "ஏன்?" மட்டும் அப்படியே நிற்கிறது.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்:
நல்ல கேள்வி கேட்கிற பிள்ளை, அதட்டிவிடாதீர்கள். கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். ஒரு மூலையிலிருந்து 3 கட்டம் வலப்பக்கம், 3 கட்டம் மேலே போய், அந்தப் புள்ளிக்குக் குறுக்கே கோடு போடச் சொல்லுங்கள். அதன் நீளம் √(9 + 9) = √18. கோடு முடிந்த இடத்திலிருந்து அதே சாய்வில் இன்னும் 2 கட்டம் தள்ளி, 2 கட்டம் மேலே. அது √8. இப்போது முழுக்கோடு 5-க்கு 5 சதுரத்தின் மூலைவிட்டம், அதாவது √50. ஒவ்வொரு கட்டத்தின் மூலைவிட்டமும் √2 என்பதால் 5√2 அங்கேயே எண்ணக் கிடைக்கும். கட்டம் 1 செ.மீ. என்றால் ஸ்கேலில் 7 செ.மீ.க்குச் சற்று மேலே காட்டும்.

அப்புறம் அவளுடைய 12-க்கு வருவோம். (√18 + √8)-ஐ வர்க்கப்படுத்தினால் 18 + 8 + 2 × 12 = 50. அவள் 26-ஓடு நிறுத்திவிட்டாள். விட்டுப்போன 24, அவளே சரியாகக் கண்டுபிடித்த அந்த 12-இன் இரண்டு மடங்கு. பெருக்கலில் இப்படி நடுவில் எதுவும் முளைப்பதில்லை.

அடுக்குக்கு: 8-இன் 1/3 அடுக்கை மூன்று முறை பெருக்கினால் அடுக்குகள் கூடி 1 ஆகும், விடை 8 வர வேண்டும். மூன்று முறை பெருக்கி 8 தரும் எண் 2. ஆக 1/3 என்றால் கனமூலம். 2/3 என்றால் அந்த 2-இன் வர்க்கம், 4. மூலத்தை முதலில் எடுப்பது நல்லது, எண் சின்னதாகவே இருக்கும்.

பாலிடெக்னிக் மாணவன்:
டீச்சர், இடையில் ஒரு சந்தேகம். −8-க்கு அடுக்கு 1/3 என்றால் −2. 1/3-ஐ 2/6 என்று எழுதி, −8-ஐ முதலில் வர்க்கப்படுத்தினால் 64, அதன் ஆறாம் மூலம் 2. ஒரே பின்னம், விடை மட்டும் எப்படி மாறுகிறது?

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்:
வர்க்கப்படுத்தியதும் கழித்தல் குறி போய்விடுகிறது தம்பி, பிறகு மூலம் எடுத்தாலும் திரும்பி வராது. −3-ஐ வர்க்கப்படுத்தி வர்க்கமூலம் எடுத்தால் 3 வருவதும் இதனால்தான். பின்ன அடுக்கு விதிகளுக்கு அடிமானம் (அடுக்கு ஏறும் எண்) மிகை எண், அதாவது பூச்சியத்தைவிடப் பெரியது, என்று நிபந்தனை போடுவது இதற்காகத்தான். பல பிள்ளைகள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு அம்மா:
டீச்சர், கோடு போட்டுப் பார்த்துவிட்டாள்! √18 − √8 = √2 என்று தானே ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். இப்போது √18 + √12-ஐ வரையப் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்:
மாட்டத்தான் செய்யும். 12-ஐ இரண்டு முழு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது, அதனால் கட்டத்தின் எந்த இரண்டு மூலைகளைச் சேர்த்தாலும் √12 வராது. √12 = 2√3. உள்ளே ஒன்றில் 2, ஒன்றில் 3. 3√2 + 2√3 என்று எழுதி நிறுத்தச் சொல்லுங்கள், அதுவே முழு விடை.