புதுப்பிப்பு: குவாலிஸா இன்னோவாவா? முடிவு எடுத்தாச்சு
மாமாவின் 2003 டொயோட்டா குவாலிஸ், சித்தப்பாவின் 2007 டொயோட்டா இன்னோவா, இரண்டும் டீசல் கார்கள். எட்டுப் பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு எதை எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி, வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு இரண்டிலுமே கொல்லிமலை ஏறிப் பார்த்தோம்.

அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். குவாலிஸில் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி இழுவையைக் கூட்டும் கருவி) கிடையாது, 2.4 லிட்டர் எஞ்சின், சுமார் 75 குதிரைத்திறன். வளைவு வரும் முன்பே முதல் கியருக்கு இறங்கிவிட வேண்டும், ஏசியையும் அணைக்க வேண்டும். இன்னோவா 2.5 லிட்டர், 102 குதிரைத்திறன். திருப்பத்தில் டர்போ விழித்துக்கொள்ள ஒரு நொடி ஆகும், அப்புறம் ஒரே இழுப்பு. ஏசியை அணைக்கவே இல்லை.

இடவசதியில் குவாலிஸுக்குக் குறையில்லை. ஆனால் பின்னால் எதிரெதிர் இருக்கை. பக்கவாட்டில் உட்கார்ந்து மலை ஏறினால் அப்பத்தாவுக்குத் தலை சுற்றுகிறது. எனக்கு அதுதான் பெரிய காரணம்.

பராமரிப்பில் குவாலிஸ்தான் எளிது. அதன் டீசல் பம்ப்பை ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார். இன்னோவாவில் காமன் ரெயில், அதாவது உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) அனுப்பும் முறை. இன்ஜெக்டர் போனால் செலவு அதிகம். முதலில் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நான்கு இன்ஜெக்டரிலும் சிறு பாட்டில் மாட்டி, எஞ்சினுக்குள் போகாமல் திரும்பி வரும் டீசலை அளந்தோம். தேய்ந்த இன்ஜெக்டரில் இது மற்றவற்றைவிட அதிகமாக வரும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

சரி, இன்னோவாவையே எடுத்துவிட்டோம். டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் பெல்ட்) மாற்றிய ரசீது இல்லாததால் முதல் வேலை அதுதான்.