த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை அலசுவது எப்படி?

அரூர் விஸ்காம்:
தருமபுரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏதாவது ஒரு த்ரில்லரின் தொடக்கக் காட்சியில் உள்ள உத்திகளை அலசி எழுதணும். அப்புறம் ஒன்றரை நிமிடத்துக்கு அப்படி ஒரு காட்சியை நாங்களே எடுக்கணும். தொப்பூர் கணவாயில் ராத்திரி எடுக்கலாம்னு குழுவில் பேச்சு. எழுத உட்கார்ந்தால் "லோ ஆங்கிள் (கீழிருந்து மேல்நோக்கும் கேமரா), இருட்டு, பயமுறுத்தும் இசை" என்று பட்டியலோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டுவது எப்படி?

கட்டிங் டேபிள்:
தம்பி, காட்சி எதுவரைன்னு முதலில் முடிவு பண்ணுங்க. புகை, மது எச்சரிக்கையும் நன்றி அட்டைகளும் கணக்கில் வராது. கதை ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வேறு இடத்துக்குத் தாவும் வெட்டு வரை எடுத்துக்கொண்டால் போதும்.

மூன்று தடவை பாருங்க: ஒருமுறை நிறுத்தாமல், ஒருமுறை சத்தத்தை அணைத்து, ஒருமுறை திரையைப் பார்க்காமல் ஹெட்போனில். செல்போன் ஸ்பீக்கர் வேண்டாம். காட்சிக்கு அடியில் ஓடும் கனத்த ரீங்காரம் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. அந்த இடத்தில் "நிசப்தம்" என்று தப்பாக எழுதிவிடுவீங்க.

பிறகு ஷாட் அட்டவணை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே ஓடுவதுதான் ஷாட். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' (E) விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும், வெட்டு சரியாகச் சிக்கும். ஷாட் எண், எத்தனை விநாடி, அளவு (குளோசப்பா, தூரக் காட்சியா), கேமரா நகர்வு, ஒளி, ஒலி எல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். கடைசியில் இன்னொரு கட்டம் போடுங்க: இந்த ஷாட் முடியும்போது பார்ப்பவருக்கு என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியும்? உங்க கட்டுரையே அந்தக் கட்டம்தான்.

சராசரி ஷாட் நீளத்தை மட்டும் நம்பாதீங்க. 180 விநாடியில் 36 ஷாட் என்றால் சராசரி 5 விநாடி. முதல் ஷாட்டே 40 விநாடி ஓடினால், மற்ற 35-க்கும் சராசரி 4 தான். வேகம் எங்கே மாறுகிறது என்பதைச் சொல்லணும்.

மாங்கனி நகர்:
மேலே சொன்ன கடைசிக் கட்டத்துக்கு இரண்டு உதாரணம். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) வெடிகுண்டின் நேரத்தைத் திருகும் கையில் தொடங்கும். குண்டு காரின் டிக்கிக்குள் போகும். கேமரா கிரேனில் எழும்பி, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் காரைத் தொடரும். வெட்டினால் இடையில் நேரத்தை விழுங்கலாம். இங்கே அதற்கு வழியில்லை, குண்டின் நேரமும் நம் நேரமும் ஒன்று. காரில் இருப்பவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். வெடிச் சத்தம் கேட்ட பிறகே முதல் வெட்டு.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) இதற்கு நேர் எதிர். துப்பாக்கி வெடிக்கிறது, நாயகன் சாகிறான். சுட்டது யார் என்பது மட்டும் மறைக்கப்படுகிறது. பாட்டே இல்லாத படம் என்பதால் கவனம் சிதறவும் இடமில்லை.

லைட்மேன் கிருஷ்ணகிரி:
தொப்பூரில் கேமராவோடு சாலையில் இறங்காதீங்க. லாரி நெருக்கம், இறக்கம், இருட்டு மூன்றும் சேர்ந்த இடம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு வண்டிப்பாதையை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்க. சூரியன் மறைந்து இருபது நிமிடம் வரை வானத்தில் நீலம் நிற்கும். மரங்கள் கருப்பு உருவமாகப் பிரியும். முழு இருட்டில் செல்போன் படம் புள்ளி புள்ளியாகிவிடும்.

கேமராவில் விநாடிக்கு 24 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி வையுங்க. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இப்படி வைத்தால் டியூப்லைட் மினுக்காது. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஃபோகஸையும் தானாக மாறாதபடி பூட்டிவிடுங்க. இல்லாவிட்டால் ஹெட்லைட் திரும்பியதும் படம் தானாக இருண்டு, காட்சியே செத்துவிடும்.

தொப்பூரிலிருந்து சத்தத்தை மட்டும் கொண்டுவரலாம். லாரி கியர் குறைத்து இறங்கும் உறுமலைச் சாலையை விட்டுத் தள்ளி நின்று பதிவு பண்ணி, ஹெட்லைட் தெரிவதற்கு 2 விநாடி முன்பே ஓடவிடுங்க.

அரூர் விஸ்காம்:
நன்றி அண்ணா. அப்போ லோ ஆங்கிள் என்று எழுதவே கூடாதா?

கட்டிங் டேபிள்:
எழுதலாம், காரணத்தோடு. இப்படி: "ஷாட் 7, 4 விநாடி. கேமரா தரையோடு இருப்பதால் காருக்கு அடியில் நிற்கும் இரண்டு கால்கள் நமக்குத் தெரிகின்றன. கதவைத் திறக்கும் பெண்ணின் கண்மட்டத்தில் அவை தெரியாது." ஷாட்டுக்கு இரண்டு வரி போதும். எல்லா ஷாட்டுக்கும் வேண்டாம், பார்ப்பவருக்கோ பாத்திரத்துக்கோ தெரிந்தது மாறும் ஐந்தாறு ஷாட்டுக்கு மட்டும்.